சிறுவர் சதுரங்கச் சுற்றுப்போட்டி: வன்னிப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளை முதன்முறையாகச் சதுரங்கச் சுற்றுப்போட்டிக்கு அனுப்பும் பெற்றோரும், பாடசாலைகளில் அதற்குப் பொறுப்பாக நிற்கும் ஆசிரியர்களும், பலகையின் முன் அமரப்போகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. விதிகள் பற்றிச் சொல்லப்படுவன, ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளைத் தழுவியவை. ஆட்டத் திறமை போதாமல் எங்கள் பிள்ளைகள் இழக்கும் புள்ளிகளை விட, கை உயர்த்தி நடுவரை அழைக்கத் தயங்கியதால் இழக்கும் புள்ளிகளே எனக்குப் பெரும் மனவருத்தத்தைத் தருகின்றன. ஆகவே அப்படியான இடங்களில் பதிலும் நீண்டிருக்கும்.

என் பிள்ளை எந்த வயதுப் பிரிவில் விளையாட வேண்டும்?

8, 10, 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்பவை வழமையான பிரிவுகள். போட்டி நடைபெறும் ஆண்டின் ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் அந்த வயதை அடைந்திருக்கக் கூடாது என்பதே ஃபிடேயின் கணக்கு. உதாரணமாக, 2026ஆம் ஆண்டில் 12 வயதுக்குட்பட்ட பிரிவில் விளையாடுபவர் 2014 ஜனவரி 1ஆம் திகதியோ அதன் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். பாடசாலை மட்டப் போட்டிகளில் வயதெல்லை வேறு விதமாக வகுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அந்த ஆண்டின் சுற்றுநிருபத்தைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் படித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் பெண்கள் பிரிவில் மட்டும்தான் விளையாட வேண்டுமா?

இல்லை. பெண்கள் பிரிவு பெண்களுக்கு மட்டுமானது. திறந்த பிரிவு எல்லோருக்கும் உரியது. ஹங்கேரியின் யூடித் போல்கார் மகளிர் உலக வாகையர் போட்டியின் பக்கமே போகாமல், 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டராகி, பின்னாளில் ஆண்களும் அடங்கிய உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை சென்றவர். சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் அவருடைய தம்பி பிரக்ஞானந்தாவும் ஒரே வீட்டில், ஒரே பலகையில் வளர்ந்து இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள் ஆனவர்கள். உங்கள் மகள் துணிந்து திறந்த பிரிவில் விளையாட விரும்பினால், தயவுசெய்து மறிக்காதீர்கள்.

முதல் போட்டிக்குப் போகும் முன் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

காய்களின் நகர்வுகள் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். கோட்டை கட்டுதலும், சிப்பாய் மற்றச் சிப்பாயைக் கடந்துபோகும்போது பிடிக்கும் ஆன் பசான் முறையும் இதில் அடங்கும். அடுத்து, அரசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டும், கோட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டும் எதிராளியின் தனி அரசனைச் செக்மேட் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அரசி கூடுதலாக இருந்தும் முடிக்கத் தெரியாமல், செக்கில் இல்லாத எதிராளிக்கு நகர்த்த வழியே இல்லாத ஸ்டேல்மேட் நிலையாக, அதாவது சமநிலையாக, ஆக்கிவிட்டுக் கண்கலங்கும் பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். நகர்த்தல்களை எழுதப் பழகியிருப்பதும், மணிக்கூட்டை அழுத்தப் பழகியிருப்பதும் அவசியம். திறப்பு ஆட்டங்களின் பெயர்களும் அவற்றின் கிளைகளும் பிறகு வரலாம்.

பயணத்துக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

புதுக்குடியிருப்பிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ கிளிநொச்சிக்கு வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடித்தாலும் மண்டபத்தை அடையும்போது நேரம் இறுகியிருக்கும். மன்னாரிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் தூரம். முடியுமானால் முதல்நாளே உறவினர் வீட்டில் வந்து தங்குவது நல்லது. முடியாவிட்டால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடியுங்கள். பேருந்தில் நின்றபடி வந்து, இறங்கியதும் பலகையின் முன் அமரும் பிள்ளையிடம் முதற் சுற்றில் முழு ஆட்டத்தை எதிர்பார்க்க முடியாது. இரண்டு பேனைகள், தண்ணீர்ப் போத்தல், இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் சாப்பிட வாழைப்பழமோ பணிஸோ, மதியத்துக்கு வயிற்றைப் பாரமாக்காத சாப்பாடு ஆகியவை போதும். தகரக் கூரை மண்டபங்களில் பங்குனி, சித்திரையில் மத்தியான வெக்கை தாங்க முடியாததாக இருக்கும் என்பதால், இறுக்கமில்லாத பருத்தி உடுப்பைப் போட்டுவிடுங்கள்.

கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாமா?

கூடாது. ஆட்ட இடத்தில் நடுவரின் அனுமதியின்றி எந்த மின்னணுக் கருவியும் பிள்ளையிடம் இருக்கக் கூடாது; அப்படியொன்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஆட்டம் தோல்வியாகும். அணைத்து வைத்திருந்தாலும், பையின் அடியில் கிடந்தாலும், போட்டியின் விதிகள் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்கும் இதே விதிதான். இரண்டையும் நீங்களே வைத்திருங்கள்.

மணிக்கூட்டின் நேரக் கணக்கு எப்படி?

ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் ஓடும். "90 நிமிடம், ஒரு நகர்த்தலுக்கு 30 விநாடி" என்று அறிவித்தலில் இருந்தால், தொடக்கத்தில் 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலதிகமாக 30 விநாடியும் கிடைக்கும். விரைவு ஆட்டம் என்பதற்குக் கணக்கு உண்டு: தொடக்க நேரத்தோடு, கூடுதல் விநாடியை 60ஆல் பெருக்கி வருவதைச் சேர்த்தால், மொத்தம் 10 நிமிடத்துக்கு மேலும் 60 நிமிடத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். 15 நிமிடமும் 10 விநாடியும் என்றால் மொத்தம் 25 நிமிடம். எனவே அது விரைவு ஆட்டம். 60 நிமிடமோ அதற்கு மேலோ வருவது நீண்ட நேர ஆட்டம். இந்த இரண்டு வகைகளுக்கும் சில விதிகள் வேறுபடுவதால், தாம் ஆடுவது எந்த வகை என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கையால் காயை நகர்த்தினாரோ அதே கையால்தான் மணிக்கூட்டை அழுத்த வேண்டும். கோட்டை கட்டும்போது அரசனை முதலில் தொட்டு, ஒரே கையால் இரண்டு காய்களையும் நகர்த்த வேண்டும். கோட்டையை முதலில் தொட்டுவிட்டு அரசனைத் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை இல்லாமற் போகும். இரண்டு கைகளையும் பயன்படுத்திவிட்டு மணிக்கூட்டை அழுத்தினால், அது முறையற்ற நகர்த்தலாகக் கொள்ளப்படும்.

எங்கள் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது நேரப் பற்றாக்குறையை அல்ல, நேரத்தைப் பயன்படுத்தாமையை. ஒன்றரை மணித்தியாலம் கையில் இருக்க, கால் மணித்தியாலத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டு வெளியே ஓடிவரும் பிள்ளை, வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும், இன்னும் விளையாடத் தொடங்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

காயைத் தொட்டுவிட்டால் கட்டாயம் நகர்த்த வேண்டுமா?

ஆம். தன் முறை வந்தபோது தன் காயை வேண்டுமென்றே தொட்டால், முறையான நகர்வு அதற்கு இருக்குமானால் அதையே நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், பிடிக்க முடியுமானால் அதைப் பிடிக்க வேண்டும். சரிந்திருக்கும் காயை நேராக்க விரும்பினால், தொடுவதற்கு முன்பே "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொல்வது செல்லாது. கை தவறிக் காய்களை விழுத்திவிட்டால், விழுத்தியவர் தன் நேரத்திலேயே அவற்றைப் பழைய இடத்தில் நிறுத்த வேண்டும்.

எதிராளி தொட்ட காயை விட்டுவிட்டு வேறு காயை நகர்த்தினால், உங்கள் பிள்ளை செய்யக்கூடாத ஒன்று உண்டு: தானும் ஒரு காயைத் தொடுவது. தான் ஒரு காயைத் தொட்ட கணத்தில் அந்த முறைப்பாட்டைச் சொல்லும் உரிமை போய்விடும்.

எதிராளி தவறான நகர்த்தல் செய்தால் என்ன செய்ய வேண்டும்?

மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். நடுவரின் உதவி வேண்டி மணிக்கூட்டை நிறுத்துவது ஆட்டக்காரரின் உரிமை. அது சண்டை பிடிப்பதோ மரியாதைக் குறைவோ அல்ல என்பதை வீட்டிலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். "பெரிய பாடசாலைப் பிள்ளை, அவருக்குத் தெரியாமலா இருக்கும்" என்று எங்கள் பிள்ளை பேசாமல் இருந்துவிடுகிறது. எதிரே இருப்பவர் எந்தப் பாடசாலைச் சீருடையில் வந்திருந்தாலும் குதிரை போகும் வழி ஒன்றுதான்.

முறையற்ற நகர்த்தலைச் செய்து மணிக்கூட்டையும் அழுத்திவிட்டால், முதல் தடவைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் மேலதிகமாகக் கொடுக்கப்படும். அதே ஆட்டக்காரர் இரண்டாவது தடவையும் செய்தால் ஆட்டத்தை இழப்பார். எதிராளியிடம் எந்த வழியிலும் செக்மேட் செய்ய முடியாத அளவுக்கே காய்கள் எஞ்சியிருந்தால் மட்டும் அது சமநிலையாகும். செக்கில் இருக்கும் அரசனை அப்படியே விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவது சிறுவர் ஆட்டங்களில் அடிக்கடி காணப்படும் முறையற்ற நகர்த்தல். அப்படி நேர்ந்தால் அந்த அரசனைப் பிடித்துவிட்டு "வென்றுவிட்டேன்" என்று சொல்வதும் தவறு. அரசனைப் பிடிப்பது என்ற ஒன்று சதுரங்கத்தில் கிடையாது. அதேபோல் "செக்" என்று வாயால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சொல்லவில்லை என்பதற்காக எதிராளி மீது முறையிட முடியாது.

நீண்ட நேர ஆட்டத்தில், முன்னர் நடந்த முறையற்ற நகர்த்தல் பல நகர்த்தல்களுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டாலும், ஆட்டம் முடியாத வரை அந்த நிலைக்கே திரும்பிச் சென்று திருத்தலாம். நகர்த்தல்களை ஒழுங்காக எழுதியிருந்தால்தான் இது சாத்தியம். விரைவு ஆட்டத்தில் நிலைமை வேறு: எல்லாப் பலகைகளையும் பார்க்குமளவுக்கு நடுவர்கள் இல்லாத போட்டிகளில், உங்கள் பிள்ளை தன் அடுத்த நகர்த்தலைச் செய்துவிட்டால் எதிராளியின் முறையற்ற நகர்த்தல் நிலைத்துவிடும். ஆகவே விரைவு ஆட்டத்தில், ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டவுடன் கையைக் காயில் வைக்காமல் மணிக்கூட்டில் வைக்கப் பழக்குங்கள்.

சிப்பாய் கடைசி வரிசையை அடைந்ததும் கோட்டையைக் கவிழ்த்து வைத்து அரசி என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. வீட்டிலும் பாடசாலை வகுப்பறையிலும் காய்கள் போதாதபோது எல்லோரும் அப்படித்தான் விளையாடுகிறோம். அந்தப் பழக்கமே போட்டியில் பிள்ளையைக் கவிழ்த்துவிடுகிறது. கவிழ்த்து வைத்த கோட்டை நடுவரின் பார்வையில் கோட்டைதான். அதை அரசி என்று நினைத்துக் கோணலாக நகர்த்தி மணிக்கூட்டை அழுத்தினால் அது முறையற்ற நகர்த்தல்.

சரியான முறை இதுதான். சிப்பாயைக் கடைசி வரிசையில் வைத்து, அல்லது வைப்பதற்கு முன்பே, வேண்டிய காயை எடுத்து அந்தக் கட்டத்தில் நிறுத்தி, அதன் பின்னரே மணிக்கூட்டை அழுத்த வேண்டும். இரண்டாவது அரசி மேசையில் இல்லையென்றால் மணிக்கூட்டை நிறுத்தி, கையை உயர்த்தி, "அரசி வேண்டும்" என்று கேட்க வேண்டும். இதற்காக மணிக்கூட்டை நிறுத்தலாம் என்று விதியே உதாரணமாகச் சொல்கிறது. அவசரத்தில் சிப்பாயை அப்படியே கடைசி வரிசையில் விட்டு மணிக்கூட்டை அழுத்திவிட்டால், அது முறையற்ற நகர்த்தல். சிப்பாய் அரசியாக மாற்றப்படும், எதிராளிக்கு இரண்டு நிமிடமும் கிடைக்கும். தன் சிப்பாய் ஆறாவது வரிசையைத் தாண்டியதும், பக்கத்தில் கிடக்கும் பிடிபட்ட காய்களில் அரசி எங்கே என்று ஒரு தடவை பார்த்து வைக்கும்படி நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

நகர்த்தல்களை எழுதுவது கட்டாயமா?

நீண்ட நேர ஆட்டத்தில் கட்டாயம். விரைவு ஆட்டத்தில் கட்டாயமில்லை. நகர்த்திய பிறகு எழுத வேண்டும். சமநிலை கோரும் சந்தர்ப்பம் தவிர முன்கூட்டியே எழுதிவைப்பது தடைசெய்யப்பட்டது. ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நேரம் இருந்து, நகர்த்தலுக்கு 30 விநாடி மேலதிகமும் இல்லாவிட்டால் எழுதுவதை நிறுத்தலாம். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகளும் கட்டங்களின் ஆங்கில எழுத்துகளையும் காய்களின் குறிகளையும் ஓரிரு நாட்களில் பழகிவிடுகிறார்கள். எழுதிய தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

சமநிலை கேட்பது எப்படி? எதிராளி கேட்டுக்கொண்டேயிருந்தால்?

காயை நகர்த்திய பின், மணிக்கூட்டை அழுத்துவதற்கு முன், "சமநிலை" என்று கேட்க வேண்டும். எதிராளி ஏற்கலாம், வாயால் மறுக்கலாம், அல்லது ஒரு காயைத் தொட்டு மறுக்கலாம். கேட்டவர் அதைத் திரும்பப் பெற முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுப்பது விதிக்கு மாறானது. அதற்கும் கை உயர்த்தலாம். ஒரே நிலை மூன்று தடவை தோன்றினால் அல்லது சிப்பாய் நகராமலும் எதுவும் பிடிபடாமலும் இரு பக்கமும் 50 நகர்த்தல்கள் கடந்தால் சமநிலை கோரலாம். ஐந்து தடவை, 75 நகர்த்தல்கள் என்றானால் யாரும் கேட்காமலே ஆட்டம் சமநிலையாக முடிந்துவிடும்.

ஒரு சிப்பாய் குறைவாக இருந்தால் ஆட்டத்தைக் கைவிட்டுவிடலாமா?

கைவிடவே கூடாது. மாவட்ட மட்டப் போட்டியொன்றின் இறுதிச் சுற்றில் நான் அருகிலிருந்து பார்த்த ஆட்டமொன்றைச் சொல்கிறேன்.

முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி கறுப்புக் காய்களோடு விளையாடினாள். எதிரே அவளை விட ஓரிரு வயது மூத்த பையன். மற்றக் காய்கள் எல்லாம் மாற்றப்பட்டு, வெள்ளைக்கு டி5 கட்டத்தில் (எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்) அரசனும் ஈ6 கட்டத்தில் ஒரு சிப்பாயும், கறுப்புக்கு ஈ7 கட்டத்தில் தனி அரசனும் மட்டும் எஞ்சின. நகர்த்த வேண்டியவள் அவள். பின்வரிசையில் அவளுடைய அரசனுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: டி8, ஈ8, எஃப்8. பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று போலவே தெரியும். ஆனால் டி8க்கோ எஃப்8க்கோ போனால் ஆட்டம் தோல்வி. உதாரணமாக டி8க்குப் போனால், வெள்ளை அரசன் டி6க்கு வரும். கறுப்பு அரசன் ஈ8க்குப் போனாலும் சிப்பாய் ஈ7க்கு ஏறும். கறுப்பு அரசனுக்கு எஃப்7 தவிர வேறு இடமில்லை. வெள்ளை அரசன் டி7க்கு வந்துவிட, சிப்பாய் அரசியாவதைத் தடுக்க முடியாது.

அவள் சில நிமிடங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அரசனை நேர் பின்னால், ஈ8க்கு நகர்த்தினாள். வெள்ளை அரசன் டி6க்கு வந்தது. அவள் டி8க்குப் போய் அதற்கு நேரெதிரே நின்றாள். சிப்பாய் ஈ7க்கு ஏறிச் செக் கொடுத்தது; அவள் மீண்டும் ஈ8க்கு வந்தாள். இப்போது வெள்ளை சிப்பாயைக் கைவிட வேண்டும் அல்லது அரசனை ஈ6க்குக் கொண்டுவந்து அதைக் காக்க வேண்டும். பையன் காத்தான். அவளுடைய அரசன் செக்கிலும் இல்லை, போக ஒரு கட்டமும் இல்லை. அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் சமநிலை.

ஆனால் அந்தப் பையன், "உமக்குப் போக இடமில்லை, நான் வெண்டிட்டன்" என்று சொல்லிக் கையை நீட்டினான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவன் உண்மையாகவே அப்படி நம்பியிருக்க வேண்டும். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மணிக்கூட்டை நிறுத்திவிட்டுத் தன் கையை உயர்த்தினாள். நடுவர் வந்து பலகையைப் பார்த்து அரைப் புள்ளி, அரைப் புள்ளி என்று எழுதினார். அவள் காத்த அரைப் புள்ளியில் பாதி ஈ8 கட்டத்தில் கிடைத்தது, மறுபாதி உயர்த்திய கையில் கிடைத்தது. சிப்பாய்க்கு முன்னால் நேர் பின்னோக்கிப் போ, எதிர் அரசன் முன்னேறினால் அதற்கு நேரெதிரே நில் என்ற இந்த ஒரு பாடத்தை வீட்டில் மூன்றே மூன்று காய்களை வைத்து ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

நேரம் முடிந்துவிட்டால் எப்போதும் தோல்வியா?

பெரும்பாலும் தோல்விதான். எதிராளியிடம் எஞ்சியிருக்கும் காய்களால் எந்த முறையான நகர்த்தல் வரிசையிலும் செக்மேட் செய்ய முடியாது என்றால் மட்டும் சமநிலை.

மண்டபத்துக்குள் நின்று பார்க்கும் பெற்றோர் தவறொன்றைக் கண்டால் சொல்லலாமா?

ஆட்டக்காரரிடம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. கண்ட முறைகேட்டை நடுவரிடம் மட்டும் தெரிவிக்கலாம். மற்றப் பலகைகளில் விளையாடும் பிள்ளைகளுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. பல போட்டிகளில் முதற் சில நிமிடங்களுக்குப் பிறகு பெற்றோரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. யன்னலுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகம் வாடுவதைப் பார்த்து, தான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று பதறி, நல்ல நிலையைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மரநிழலில் மற்றப் பெற்றோரோடு இருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கையெழுத்திடுவது வெறும் சம்பிரதாயமா?

இல்லை. இருவரும் முடிவை எழுதி இரண்டு தாள்களிலும் கையெழுத்திட வேண்டும். முடிவு தவறாக எழுதப்பட்டிருந்தாலும், நடுவர் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய அதுவே நிலைக்கும். வென்ற பிள்ளை சந்தோஷத்தில் தாளைப் பார்க்காமலே கையெழுத்திட்டுவிட்டு ஓடுவது ஆபத்து. வெள்ளை யார், கறுப்பு யார், 1 எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடப் பழக்குங்கள்.

முதற் சுற்றிலேயே தோற்றால் வீட்டுக்கு வர வேண்டியதுதானா?

இல்லை. பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச் நகரில் முதலில் கையாளப்பட்ட முறை அது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை, எல்லோரும் எல்லாச் சுற்றுகளும் விளையாடுவர். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமமான புள்ளி பெற்றவர்கள் மோதுவர். ஒருவரை ஒரே போட்டியில் இரண்டு தடவை சந்திக்க வேண்டிவராது. வெள்ளையும் கறுப்பும் இயன்றவரை சமமாகக் கொடுக்கப்படும். ஆட்டக்காரர் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவருக்கு எதிராளி இல்லாமலே புள்ளி கிடைக்கும்; அது ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் வராது. தோற்ற பிள்ளைக்கு அடுத்த சுற்றில் தன் நிலைக்கு நெருங்கிய எதிராளி கிடைப்பார். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தோற்றுவிட்டது என்று பிள்ளையை இடைநடுவில் அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்தப் பிள்ளை வெல்லக்கூடிய ஆட்டங்களையே அதற்கு இல்லாமற் செய்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே புள்ளி. ஒருவருக்குக் கிண்ணம், மற்றவருக்கு இல்லை. இது அநியாயம் இல்லையா?

பரிசளிப்பு நேரத்தில் மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கும் கேள்வி இது. சமபுள்ளிகளைப் பிரிக்கப் பெரும்பாலும் பயன்படுவது புக்கோல்ஸ் முறை: உங்கள் பிள்ளை சந்தித்த எதிராளிகள் அந்தப் போட்டியில் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகை. முதற் சுற்றிலிருந்தே வென்றுவந்தவர் பலமானவர்களைச் சந்தித்திருப்பார். ஆரம்பத்தில் தோற்றுப் பின்னர் ஏறிவந்தவர் பலம் குறைந்தவர்களைச் சந்தித்திருப்பார். இருவரும் 5 புள்ளியில் முடித்தாலும் முதலாமவரின் கூட்டுத்தொகை கூடுதலாக இருப்பது இயல்பு. இதன் குறை எனக்கும் தெரிகிறது: உங்கள் எதிராளி கடைசிச் சுற்றில் தோற்றதற்கு உங்கள் பிள்ளை பொறுப்பில்லை. இருந்தாலும் எந்த முறை எந்த வரிசையில் பயன்படும் என்பது போட்டி தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் அநியாயம் இல்லை. அறிவிக்கப்படவில்லை என்றால் முதற் சுற்றுக்கு முன் கேளுங்கள். பரிசளிப்பு மேடைக்கு முன்னால் நின்று கேட்பதால் பிள்ளைக்குத் தலைகுனிவு மட்டுமே மிஞ்சும்.

தரப்புள்ளி என்றால் என்ன? அது குறைந்தால் கவலைப்பட வேண்டுமா?

ஃபிடே பதிவுபெற்ற போட்டிகளில் விளையாடுபவர்களின் பலத்தைக் காட்டும் எண் அது. தரப்புள்ளி உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் விளையாடி, அரைப் புள்ளியாவது பெற்று, கணக்கிட்டு வருவது 1400க்குக் குறையாமல் இருந்தால் பட்டியலில் பெயர் வரும். இந்த 1400 என்ற அடிமட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயதாகும் ஆண்டு முடியும் வரை, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்கு மாற்றக் காரணி 40. அதாவது 1500 உள்ள பிள்ளை இன்னொரு 1500ஐ வென்றால் 20 கூடும், தோற்றால் 20 குறையும். 1700 உள்ளவரை வென்றால் ஏறத்தாழ 30 கூடும். வளரும் வயதில் இந்த எண் வேகமாக ஏறியிறங்கும்படியே கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு போட்டியில் இறங்கியதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் பயிற்றுநர் இல்லை. வீட்டிலிருந்து எப்படி ஆயத்தமாவது?

லிச்செஸ் என்ற இணையத்தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. அதில் புதிர்களும் பயிற்சிகளும் வேண்டிய அளவு உண்டு. ஆனால் திரையில் பார்த்த நிலையைப் பலகையில் அடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு யோசித்து, பதிலைக் கொப்பியில் எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும். திரையில் விரலை வைத்துத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம், தொட்ட காயை நகர்த்த வேண்டிய இடத்தில் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டாலும் பலகை இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அக்காவோ அண்ணாவோ இருந்தால் வாரத்தில் ஓர் ஆட்டமாவது மணிக்கூடு வைத்து, எழுதி விளையாடட்டும்.

எதைப் படிப்பது என்று கேட்டால், முடிவாட்டத்தை என்பேன். 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில், உலக வாகையர் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் ஆறரைப் புள்ளியோடு சமமாக நின்ற வேளை, சமநிலையை நோக்கிச் சென்ற நிலையில், அப்போதைய உலக வாகையரான சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் கோட்டைகளை மாற்ற முன்வந்தார். அவரை எதிர்த்து ஆடிய சென்னையின் 18 வயதுக் குகேஷ் கோட்டையை மாற்றினார், மந்திரியையும் கட்டாயமாக மாற்றவைத்தார். எஞ்சியது அரசன்களும் சிப்பாய்களும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58ஆவது நகர்த்தலோடு டிங் கைவிட்டார். உலகப் பட்டமே அரசனும் சிப்பாயும் மட்டும் உள்ள நிலையை யார் முன்கூட்டியே சரியாகப் பார்த்தார் என்பதில் தீர்ந்திருக்கிறது. அந்த நிலையை உங்கள் வீட்டுப் பலகையில் அடுக்கிப் பாருங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் விளையாட விடலாமா?

அது குடும்பத்தின் தீர்மானம். போட்டிகளைக் குறையுங்கள், பலகையை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

தோற்று அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

முதலில் எதுவும் கேட்காதீர்கள், தண்ணீர் கொடுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். "அவனிடமா தோற்றாய்" என்ற கேள்வி ஒருபோதும் வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, எழுதிய தாளை எடுத்து வைத்து, "எந்த இடம் வரைக்கும் உனக்குப் பிடித்திருந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பிள்ளை தானாகவே காய்களை அடுக்கிக் காட்டும், தவறிய இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

தேசிய மட்டத்துக்குக் கொழும்புக்குப் போகிறோம். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாத பிள்ளை நடுவரிடம் எப்படிப் பேசும்?

மணிக்கூட்டை நிறுத்துவதற்கும் கையை உயர்த்துவதற்கும் மொழி தேவையில்லை. நடுவர் வந்ததும் என்ன நடந்தது என்பதைப் பலகையிலும் எழுதிய தாளிலும் விரலால் சுட்டிக் காட்டலாம். "செக்", "ட்ரோ", "இல்லீகல் மூவ்", "டச் மூவ்" ஆகிய சொற்களைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். அவையே பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் விளக்க வேண்டியிருந்தால், தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துத் தருமாறு கேட்கலாம். இந்தத் தேவையை முதற் சுற்றுக்கு முன்பே பொறுப்பாசிரியர் பிரதான நடுவரிடம் சொல்லி வைத்தால் வேலை இலகுவாகும்.

விதியின் குறிப்பிட்ட ஓர் அம்சத்தை விளக்கும்படி நடுவரைக் கேட்கும் உரிமை ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உண்டு. நடுவரின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால், போட்டியின் விதிகள் வேறு விதமாகச் சொன்னாலொழிய, கையெழுத்திட்ட பிறகும் மேன்முறையீடு செய்யலாம். அதற்கான கால எல்லையும் கட்டணமும் போட்டி அறிவித்தலில் இருக்கும். பெரும்பாலும் எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், தாளும் பேனையும் கையோடு உள்ள ஒருவர் மண்டப வாசலில் நிற்பது நல்லது.